மழை பொய்த்தால் வட்டி ஏறும்: கடன்பத்திரச் சந்தையும் நம் வயலும்

ஆறு லட்சம் ரூபாய் டிராக்டர் கடன், ஐந்து ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 13,347 ரூபாய். அதுவே 13 சதவீதம் என்றால் 13,652 ரூபாய். மாதம் 305 ரூபாய்தானே என்று தோன்றும். அறுபது மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 18,000 ரூபாயைத் தாண்டும். இரண்டு மூன்று ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்து உரச் செலவு அது.

இந்த ஒரு சதவீதம் எங்கிருந்து வருகிறது? கடன் கொடுக்கும் நிறுவனத்தின் லாபம் அதில் ஒரு பங்கு. ஆனால் இன்னொரு பங்கு, நிறுவனத்தின் கையிலேயே இல்லாத ஓர் இடத்தில் முடிவாகிறது. அதுதான் கடன்பத்திரச் சந்தை. வேளாண் பக்கத்தில் இதைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். புயலையும் வறட்சியையும் அந்தச் சந்தை இப்போது விலைபோடத் தொடங்கியிருக்கிறது, அந்த விலையைக் கடைசியில் கட்டப்போவது நீங்கள் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

வங்கி உங்களிடம் சேமிப்பு வாங்கி, அதைக் கடனாகக் கொடுக்கிறது. டிராக்டர் கடன், மகளிர் குழுக்களுக்கான நுண்கடன் கொடுக்கும் வங்கி சாரா நிதி நிறுவனங்களில் பெரும்பாலானவை பொதுமக்களிடம் வைப்பு வாங்க முடியாது. அவை வங்கியிடம் மொத்தமாகக் கடன் வாங்கும். இல்லையென்றால் கடன்பத்திரம் வெளியிடும். காப்பீட்டு நிறுவனங்கள், மியூச்சுவல் ஃபண்டுகள், ஓய்வூதிய நிதிகள் போன்றவை அந்தப் பத்திரங்களை வாங்குகின்றன. அங்கே திரளும் பணம்தான் கிளை வழியாக உங்கள் ஊருக்கு வந்து டிராக்டராகவும் கறவை மாடாகவும் மாறுகிறது. சர்க்கரை ஆலை, உர நிறுவனம், நூற்பாலை, மின் நிறுவனம் என்று பலவும் இதே வழியில் பணம் திரட்டலாம்.

கடன்பத்திரம் என்பது புரியாத சமாச்சாரம் ஒன்றும் அல்ல. ஊரில் ஒத்திக்குப் பணம் கொடுத்தவர், தனக்கு அவசரம் வந்தால் அந்த ஒத்தியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துப் பணத்தை எடுப்பார் அல்லவா, அது போலத்தான். 1,000 ரூபாய்ப் பத்திரம், ஆண்டுக்கு 80 ரூபாய் வட்டி, பத்து ஆண்டு முடிவில் முதல் திரும்பும். அடுத்த மாதமே அதே நிறுவனம் 9 சதவீத வட்டி கொடுத்தால்தான் புதுப் பத்திரம் விலைபோகும் என்ற நிலை வந்தால், பழைய 8 சதவீதப் பத்திரத்தை யாரும் 1,000 ரூபாய்க்கு வாங்க மாட்டார்கள். கணக்குப்படி அதன் விலை சுமார் 936 ரூபாய்க்கு இறங்கும். நிறுவனத்தின் மீது நம்பிக்கை குறைந்தால் கேட்கும் வட்டி ஏறும், பத்திரத்தின் விலை இறங்கும். நம்பிக்கையை அளந்து சொல்லத்தான் கிரிசில், இக்ரா, கேர் போன்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஏ.ஏ.ஏ. என்றால் உச்சம். டி என்றால் தவணை தவறியது.

ஒன்றைக் கவனியுங்கள். பங்கு வாங்கியவருக்கு நிறுவனம் செழித்தால் லாபம் உண்டு. கடன்பத்திரம் வாங்கியவருக்கு ஆலை எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த 80 ரூபாய்தான். ஓடாவிட்டால் முதலே போகும். அதனால் அவர் நல்லதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, கெட்டது எப்போது வரும் என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்து, இருபது ஆண்டு கழித்து வரவேண்டிய பணம் என்பதால் பருவநிலை மாறுவது அவருக்கு நேரடி விஷயம். இது உலகெங்கும் ஓரளவு பேசப்பட்டு வந்ததுதான். பேச்சாக இருந்ததைப் பணக் கணக்காக மாற்றியது அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம்.

ஒரு தேய்ந்த கொக்கி

கலிஃபோர்னியாவின் வடக்கு, மத்தியப் பகுதிகளுக்கு மின்சாரம் கொடுப்பது பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என்ற தனியார் நிறுவனம். மின் நிறுவனத்தின் கடன்பத்திரம் என்றால் அங்கே வைப்புத்தொகை மாதிரி. மழையோ வெயிலோ, மக்கள் மின் கட்டணம் கட்டத்தான் போகிறார்கள், வட்டி வந்துவிடும் என்ற எண்ணம்.

2018 நவம்பர் 8ஆம் தேதி காலை, மலைப்பகுதியில் அந்த நிறுவனத்தின் உயர் அழுத்தக் கம்பியைத் தாங்கிய இரும்புக் கொக்கி ஒன்று அறுந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு பழைய தடம் அது. கொக்கி தேய்ந்து தேய்ந்து மெலிந்திருந்தது. கம்பி தொங்கித் தீப்பொறி பறந்தது. அந்த நேரத்தில் அங்கே மழைக்காலம் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. புல்லும் புதரும் காய்ந்து கிடந்தன, பலத்த வறண்ட காற்று வீசியது. சில மணி நேரத்தில் பாரடைஸ் என்ற ஊர் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

கலிஃபோர்னியாவில் மின் நிறுவனத்தின் கம்பியால் தீ பிடித்தால், அந்த நிறுவனம் அசட்டையாக இருந்ததா இல்லையா என்று பார்க்காமலே சொத்து இழப்புக்கு அதைப் பொறுப்பாக்க முடியும். முந்தைய ஆண்டுத் தீ விபத்துகளையும் சேர்த்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு 3,000 கோடி டாலரைத் தாண்டலாம் என்று நிறுவனமே சொன்னது. தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அடுத்தடுத்து மதிப்பீட்டைக் குறைத்து, 2019 ஜனவரியில் முதலீட்டுக்குத் தகுதியற்ற நிலைக்குத் தள்ளின. அந்த மாதம் 29ஆம் தேதி நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பருவநிலை மாற்றத்தால் வந்த முதல் பெரிய திவால் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின.

பருவநிலை மட்டும்தான் காரணமா என்றால் இல்லை. கொக்கியை மாற்றாதது மனிதர்கள் செய்த தவறு. 2020இல் அந்த நிறுவனம் 84 மரணங்களுக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் பயிர் நோயில் நாம் சொல்வது போல, நோய்க்கிருமி இருந்தால் மட்டும் போதாது, சாதகமான பருவமும் வேண்டும். தேய்ந்த கொக்கி எத்தனையோ ஆண்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. பருவம் மாறிய ஆண்டில்தான் அது ஊரை எரித்தது.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அதன் பிறகு நடந்ததை. திவால் பேச்சுவார்த்தையில் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் வழக்கறிஞர் படையோடு உட்கார்ந்தன. கடன்பத்திரக்காரர்களுக்குப் புதுப் பத்திரங்களாகத் தீர்வு கிடைத்தது. வீடு இழந்தவர்களுக்கான நிதி 1,350 கோடி டாலர் என்று முடிவானது, அதில் பாதி ரொக்கமாக அல்ல, அதே நிறுவனத்தின் பங்குகளாக. எந்த நிறுவனத்தின் கம்பி தங்கள் வீட்டை எரித்ததோ, அதன் பங்கு விலை ஏறினால்தான் முழு இழப்பீடு என்ற நிலையில் அந்த மக்கள் விடப்பட்டார்கள்.

2023 ஆகஸ்டில் ஹவாய்த் தீவுகளின் லஹைனா ஊர் எரிந்தபோது சந்தை காத்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அங்குள்ள மின் நிறுவனத்தின் தர மதிப்பீட்டை எஸ் அண்ட் பி முதலீட்டுத் தகுதிக்குக் கீழே இறக்கிவிட்டது. சந்தை பாடம் கற்றுக்கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி.

தவணைத் தேதி நகராது

இனி நம் ஊருக்கு வருவோம். நமக்குக் காட்டுத்தீ அல்ல பிரச்சினை. புயல், வெள்ளம், மழை பொய்ப்பது. 2016 வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 440 மில்லிமீட்டருக்குப் பதில் சுமார் 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 62 சதவீதம் பற்றாக்குறை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. முன்னதற்கும் பின்னதற்கும் ஏழு ஆண்டுதான் இடைவெளி.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் தோப்போடு சாய்ந்தன. சாய்ந்த தென்னைக்குப் பதில் நட்ட கன்று ஓரளவு காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். நுண்கடன் தவணையோ வாரத்துக்கு ஒன்று அல்லது மாதத்துக்கு ஒன்று. புயலுக்குப் பின் டெல்டாவில் நுண்கடன் வசூல் எவ்வளவு பெரிய பிரச்சினையானது என்பதை அங்குள்ள விரிவாக்க ஊழியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வசூலுக்கு வந்த பையனைத் திட்டினோம். அவர் நிறுவனத்தைத் திட்டினோம். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த நிறுவனத்துக்குப் பின்னால் ஒரு தேதி நிற்கிறது. அது வெளியிட்ட கடன்பத்திரத்துக்கு வட்டி கட்ட வேண்டிய தேதி. ஒரு நாள் தாமதம், ஒரு ரூபாய் குறைவு என்றாலும் தவணை தவறியதாகவே தர மதிப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொள்ளும், அதுதான் நம் நாட்டில் விதி. பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ போனால் வங்கிகள் பயிர்க்கடனை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடம் கொடுத்தது. கடன்பத்திரத்துக்கு அப்படி ஒரு இரக்கம் கிடையாது. புயல் உங்கள் வருமானத்தை ஆறு ஆண்டு தள்ளிப்போடலாம், பத்திரத்தின் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளாது. நடுவில் மாட்டிய நிறுவனம் கீழே நெருக்கும், கீழே இருப்பது மகளிர் குழுக் கூட்டம்.

அடுத்த கட்டம் சத்தமில்லாமல் நடக்கும். ஒரு பகுதியில் வசூல் குறைந்தால் அந்த நிறுவனத்தின் பத்திரத்துக்குச் சந்தை கூடுதல் வட்டி கேட்கும். நிறுவனம் அதை உங்கள் மேல் ஏற்றும், அல்லது அந்தப் பகுதியில் புதுக் கடன் கொடுப்பதைக் குறைக்கும். வட்டி ஏறினால் கண்ணுக்குத் தெரியும். கடன் மறுப்பு தெரியாது. "மேலிடத்தில் அப்ரூவல் வரவில்லை" என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த இடத்தில் கந்துவட்டிக்காரர் வந்து உட்காருவார்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது, வேறொரு கடலோரத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். கரீபியக் கடலில் உள்ள கிரெனடா நம் ஒரு தாலுகா அளவுள்ள தீவு நாடு. ஜாதிக்காய்க்குப் பெயர் போனது. 2004இல் புயலடித்து ஜாதிக்காய் மரங்கள் பெரும்பாலும் சாய்ந்தன. நம் தென்னை போலவே ஜாதிக்காயும் காய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும். நாடு கடனில் மூழ்கியது. 2015இல் கடன்பத்திரங்களை மாற்றி எழுதியபோது அவர்கள் ஒரு விதியைச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட அளவுக்குப் பெரிய புயல் தாக்கினால், தவணையைச் சில மாதம் தள்ளிப்போடலாம், அது தவறியதாக ஆகாது. 2024 ஜூலையில் பெரில் புயல் தாக்கியதும் கிரெனடா அந்த விதியைப் பயன்படுத்தித் தவணையைத் தள்ளிவைத்தது. சந்தை இடிந்து விழவில்லை. பார்படோஸ் நாடும் தன் பத்திரங்களில் இதே மாதிரி விதி வைத்திருக்கிறது.

அவை அரசுப் பத்திரங்கள் என்பது உண்மை. நிறுவனப் பத்திரத்தில் வைக்கக் கூடாது என்று எந்தத் தர்க்கமும் இல்லை. வேளாண் பகுதிகளில் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வெளியிடும் பத்திரங்களில் இந்தப் புயல் விதி இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. மாநில அரசு ஒரு மாவட்டத்தைப் பேரிடர் பாதித்ததாக அறிவித்தால், அங்குள்ள கடனுக்கு ஈடான பங்கு அளவுக்குப் பத்திரத் தவணை ஆறு மாதமோ ஓராண்டோ தள்ளும். அதே அளவு அவகாசம் கடன் வாங்கியவருக்கும் கட்டாயம் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நிறுவனத்துக்கு மட்டும் கிடைத்த சலுகையாகப் போய்விடும். பத்திரம் வாங்குபவர்கள் இதற்குக் கால் சதவீதம் கூடுதல் வட்டி கேட்கலாம். அதை நபார்டு போன்ற அமைப்பு ஏற்கலாம். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நிவாரணம், தள்ளுபடி, போராட்டம் என்று அரசு செலவழிப்பதோடு ஒப்பிட்டால் இது ஒழுங்கான செலவு.

வரிசையில் கடைசி ஆள்

கரும்பு விவசாயிகளுக்கு இந்தச் சந்தை இன்னும் நெருக்கம், அதுவும் நல்ல விதமாக அல்ல.

ஒரு காலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை உற்பத்தி செய்த தமிழ்நாடு, 2016 வறட்சிக்குப் பின் 10 லட்சம் டன்னுக்குக் கீழே இறங்கியது. கரும்பு பன்னிரண்டு மாதப் பயிர். ஒரு பருவமழை பொய்த்தால் அந்த ஆண்டு வெட்டும் கரும்பு மட்டுமல்ல, அடுத்த ஆண்டுக்கான நடவும் கட்டைப் பயிரும் சேர்ந்து போகும். ஆலைக்கு இரண்டு மூன்று பருவம் அரைக்கக் கரும்பு இல்லாமல் போகிறது. ஆனால் ஆலை வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி. பணம் தட்டுப்படும் ஆலை என்ன செய்யும்? கடன்பத்திர வட்டியைத் தவறவிட்டால் மறுநாளே தர மதிப்பீடு டி ஆகும், அடுத்த கடன் கிடைக்காது. வங்கித் தவணையும் அப்படியே. கரும்புப் பணத்தைத் தள்ளிப்போட்டால் விவசாயிகள் ஆலை வாசலில் உட்கார்ந்து கோஷம் போடுவார்கள், பிறகு வெட்டு உத்தரவு வேண்டுமே என்று வீட்டுக்குப் போவார்கள். எது மலிவான கடன் என்று ஆலைக்குத் தெரியும். மழை பொய்த்ததன் முதல் அடியை வாங்கிக்கொண்டு, வட்டியில்லாக் கடனும் கொடுப்பவர் கரும்பு விவசாயி.

ஆலை நொடித்துப்போனால் இன்னும் மோசம். 2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் கடன் கொடுத்தவர்கள் இரு வகை. பணமாகக் கொடுத்த வங்கிகள், கடன்பத்திரக்காரர்கள் ஒரு வகை. சரக்கோ சேவையோ கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் மற்றொரு வகை. கரும்பு கொடுத்தவர் இரண்டாம் வகை. ஆலையின் எதிர்காலத்தை முடிவு செய்யும் கடன் கொடுத்தோர் குழுவில் முதல் வகைக்கே வாக்கு. ஆலையைக் கலைத்து விற்றால் பணம் பிரிக்கும் வரிசையைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறைச் செலவு முதலில். பிறகு தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கியும், ஈடு வைத்து வாங்கிய கடனும். பிறகு மற்ற ஊழியர் சம்பளம். அடுத்து ஈடில்லாத கடன்பத்திரக்காரர்கள். அடுத்து அரசுக்கு வரவேண்டியது. "மீதமுள்ள கடன்கள்" என்று அதற்கும் கீழே ஒரு வரி இருக்கிறதே, உங்கள் கரும்புப் பணம் அங்கேதான். பாரடைஸ் ஊர்க்காரர்களின் நிலையை ஏன் அவ்வளவு விரிவாகச் சொன்னேன் என்று இப்போது புரியும்.

மும்பையில் ஈடில்லாமல் பத்திரம் வாங்கிய ஒரு ஃபண்டு, அபாயத்தைத் தெரிந்து, அதற்கான வட்டியையும் பேசி வாங்கியது. விவசாயி எந்த வட்டியும் பேசவில்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. அவர் அதற்குக் கீழே நிற்பது அநியாயம். விளைபொருள் கொடுத்த விவசாயியின் பாக்கியைக் குறைந்தபட்சம் தொழிலாளர் பாக்கியோடு ஒரே வரிசையில் வைக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும். கரும்பு விவசாயிகள் சங்கங்கள் ஆதரவு விலைக்காகக் குரல் கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கேட்பது நல்லது. சட்டம் மாறும் வரை ஒரு சின்ன வேலை செய்யலாம். உங்கள் ஆலையின் தர மதிப்பீடு என்ன என்று பாருங்கள். மதிப்பீட்டு நிறுவனங்கள் காரணத்தோடு அதை இணையதளத்தில் இலவசமாகவே வெளியிடுகின்றன. மதிப்பீடு இறங்கிக்கொண்டே போகிறதென்றால், அடுத்த ஆண்டு எத்தனை ஏக்கரைப் பதிவு செய்வது என்பதை அதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், பத்து நிமிட வேலை.

சி.ஆர். 1009 சப்-1 யாருடைய கணக்கில் இருக்கிறது?

ஒரு வேளாண் விஞ்ஞானியாக எனக்கு மிகவும் உறுத்துவது இந்தக் கணக்கு போடப்படும் முறை.

அபாயத்தை மேலிருந்து பார்க்கிறவர்கள் மாவட்டமாகப் பார்க்கிறார்கள், மிஞ்சினால் அஞ்சல் குறியீட்டு எண்ணாகப் பார்க்கிறார்கள். நாகப்பட்டினமா, புயல் மாவட்டம். ராமநாதபுரமா, வறட்சி மாவட்டம். ஆனால் அபாயத்தைக் குறைக்கும் வேலை வயல் வயலாக நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தாலும் மீண்டு வரும் சி.ஆர். 1009 சப்-1 ரகத்தைச் சம்பாவில் விதைத்தவரும், வடிகால் தூர்ந்த தாழ்ந்த வயலில் வேறு ரகம் நட்டவரும் நிதி நிறுவனத்தின் கோப்பில் ஒன்றுதான். கரும்பில் சொட்டுநீர் போட்டவரும் வாய்க்கால் பாசனக்காரரும் ஒன்றுதான். ஏரி மதகைச் சீர்செய்து, கரையைப் பலப்படுத்திய ஊரும், ஆக்கிரமிப்பில் ஏரியைத் தொலைத்த ஊரும் ஒரே வட்டி கட்டுகின்றன. செலவு செய்து அபாயத்தைக் குறைத்தவருக்கு அதற்கான பலன் வட்டியில் வராவிட்டால், அடுத்தவர் ஏன் செய்யப்போகிறார்?

ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில், வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் தங்கள் காலநிலை அபாயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரைவை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், காலநிலை அபாயத் தரவுகளைத் திரட்டித் தரும் ஒரு தகவல் அமைப்பை உருவாக்கப்போவதாக அறிவித்தது. நல்ல வேலை, வரவேற்க வேண்டியது. ஆனால் தரவு எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் எல்லோருக்கும் திறந்திருக்கும், பதப்படுத்திய தரவு ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு மட்டும் என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. உங்கள் வட்டாரத்துக்கு என்ன மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கும், உங்கள் வேளாண் உதவி இயக்குநருக்கும் தெரியாது. மண் பரிசோதனை செய்துவிட்டு முடிவை உரக்கடைக்காரரிடம் மட்டும் கொடுப்பது போல இருக்கிறது இது. வட்டார அளவிலாவது அந்தத் தரவு பொதுவில் வர வேண்டும், தவறு இருந்தால் திருத்தக் கேட்கும் வழியும் வேண்டும்.

பசுமைக் கடன்பத்திரம் என்று ஒன்று இப்போது அதிகம் பேசப்படுகிறது. மத்திய அரசே 2023 ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு தவணையாக 16,000 கோடி ரூபாய்க்கு வெளியிட்டது. அப்படித் திரட்டும் பணம் சூரிய மின்சாரம், ரயில் போன்ற பெரிய திட்டங்களுக்கு எளிதில் போகும். ஏரித் தூர்வாரலுக்கும் வடிகாலுக்கும் வர வேண்டுமென்றால் யாராவது அவற்றைத் திட்டமாக எழுதி, எத்தனை ஏக்கர் காப்பாற்றப்படும் என்று அளந்து காட்ட வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அந்தத் திசையில் யோசிக்கலாம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. நிலம் விற்ற பணமோ ஓய்வுப் பணமோ கையில் இருப்பவர்களிடம், 12 சதவீதம் தருகிறோம் என்று கடன்பத்திரம் விற்க ஆட்கள் வருவார்கள். ஒரு லட்சமாக இருந்த குறைந்தபட்ச முகமதிப்பை 2024இல் 10,000 ரூபாயாகக் குறைத்துவிட்டதால் அது இன்னும் எளிதாகிவிட்டது. மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். வட்டி அதிகம் என்றால் அந்தப் பணம் திரும்பி வருமா என்ற சந்தேகமும் அதிகம் என்று சந்தை சொல்கிறது. பத்திரமே இல்லாமல் வெறும் ரசீது கொடுத்தால் பேச்சே வேண்டாம்.

உங்கள் கையில் உள்ள வேலைக்கு வருகிறேன். நுண்கடன் வாங்கும்போது கடன் விவரத் தாள் ஒன்றை உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச் வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்த வட்டி எவ்வளவு என்பது அதில் இருக்கும். நிறுவனம் தன் வட்டியில் நிதிச் செலவு எவ்வளவு, அபாயத்துக்கு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று பிரித்து ஒரு கொள்கையும் வகுத்திருக்க வேண்டும். தாளைக் கேட்டு வாங்குங்கள். அபாயத்துக்காக எவ்வளவு சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். குழுவாகக் கேட்டால் பதில் வரும்.

விரிவாக்க ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரகம், விதைத்த தேதி, பாசன முறை, வடிகால், மூன்று ஆண்டு மகசூல், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றை ஒரே தாளில், அடங்கல் நகலோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக இருந்தால் உறுப்பினர் அனைவருக்கும் ஒரே படிவத்தில். முன்னூறு பேருடைய அப்படி ஒரு கோப்பு கிளை மேலாளர் மேசைக்குப் போனால், அவர் அதை மேலிடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். இந்தச் சம்பாவில் விதை வழங்கும்போதே அந்தப் பதிவைத் தொடங்கிவிடலாம், ரகத்தின் பெயரும் தேதியும் விதை ரசீதிலேயே இருக்கின்றன.